இடது குழல்

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் உபதேசியாரே, கீழே வைத்தால் வாழைப்பால் கறை பிடிக்கும். பிடித்தால் போகாது. ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். நாற்பது வருடமாக இந்த மலை ஏறுகிறேன், இன்னும் வளைவில் கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

சுனைப்பாறை சபைக்குப் புதிதாகப் போகிறவர் நீங்கள்தானே? டிக்கெட் கேட்டபோதே தெரிந்துவிட்டது. வெள்ளை ஜிப்பாவும் கறுப்பு அட்டை வேதமுமாக அந்த ஊருக்கு வேறு யார் போகப்போகிறார்கள்? நல்லதாய்ப் போயிற்று. நீங்கள் போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே என் பெயரைச் சொல்லுவார்கள். வத்தலக்குண்டில் பொம்முராசு என்று ஒரு தரகன், அவன் வாயால்தான் இஸ்ரவேல் செத்தான் என்பார்கள். அதற்கு முன்னால் அந்த வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

நான் சொன்னேன். விஷயம் அவ்வளவுதான். இடது குழலில் தோட்டா போடாதே, வெடிக்கும் என்று இஸ்ரவேலிடம் நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் செருப்பால் அடிக்கட்டும், தலையைக் குனிகிறேன். சொன்னவனை எதற்கு அடிக்கிறார்கள்?

ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ஊர் என்னைப் பேசாத நாள் எது? அவன் பெண்சாதி ரூத் இருக்கிறாளே, அவள் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறாள். அரிசி மூட்டை அனுப்பினேன், வந்த ஜீப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் ஒருத்தி நம்பினால் போதும் எனக்கு. நான் போய்ச் சொன்னால் காதில் வாங்க மாட்டாள். உங்களைப் போல ஒருவர் சொன்னால் வாங்குவாள். அதற்காகத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன், மறைப்பானேன்?

கண்டக்டர் சிரிக்கிறான் பாருங்கள். "என்னா பொம்முராசண்ணே, இன்னைக்குச் சாமியாரா சிக்குனாரு?" என்கிறான். போடா, போய் டிக்கெட்டைக் கிழி! இவனுக்கு முதல் சைக்கிள் பேசி முடித்ததே நான்தான். பெடல் கோணல் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்தேன். பெடலில் ஒரு கோணலும் இல்லை.

நான் படிக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் மாட்டுச்சந்தை. மீசை முளைக்காத வயதில் எங்கப்பன் கொடுத்தனுப்பிய காசில் ஒரு பசு வாங்கினேன். விற்றவன் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, ஒரு குறையும் கிடையாது என்று சத்தியம் பண்ணினான். வீட்டில் கொண்டுவந்து கறந்தால் ஒரு காம்பில் பால் இல்லை, மடிக்குள் கட்டி. எங்கப்பன் பசுவை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றில் என்னைக் கட்டினான். தொழுவத்தில், சாணத்துக்கு நடுவில். அன்றைக்குப் படித்ததுதான் படிப்பு. விற்கிறவன் குறையைச் சொல்ல மாட்டான். வாங்குகிறவன்தான் சொல்ல வேண்டும். இருக்கிற குறையையும் சொல்ல வேண்டும், இல்லாத குறையையும் சொல்ல வேண்டும். பிறகுதான் துண்டு. சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது, தெரியுமல்லவா? துண்டை விரித்து, அடியில் கையைப் பிடித்து, விரலை அமுக்கித்தான் விலை. ஒத்துவரவில்லை என்றால் உதறிவிட்டு நடக்க வேண்டும். மாடு கொடுக்க நினைக்கிறவன் பின்னாலிருந்து கூப்பிடுவான்.

மாட்டில் ஆரம்பித்து, எஸ்டேட் பங்களாக்களில் கட்டில், பீரோ, சுவர்க்கடிகாரம் என்று வந்து, கடைசியில் துப்பாக்கிக்கு வந்தேன். நான் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. மதுரையில் லைசென்ஸ் கடை முதலாளி ஒருவர் இருக்கிறார். மலையில் எந்த வீட்டில் பழைய சாமான் கிடக்கிறது என்று பார்த்து, தரம் சொல்லி, விலை முடிப்பது என் வேலை. காகிதமெல்லாம் அவர் பாடு.

இஸ்ரவேல் வீட்டுச் சாமான் அமெரிக்கத் துப்பாக்கி. அவன் அப்பா கொடைக்கானலில் ஒரு அமெரிக்க டாக்டருக்கு டிரைவராக இருந்தவர். துரை கப்பலேறும்போது முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் அது. அப்பா போனபின் லைசென்ஸ் மகன் பெயருக்கு வந்தது. இஸ்ரவேலுக்கு மலைவாழையும் கொஞ்சம் காப்பியும். காட்டுப்பன்றி ராவோடு ராவாக வந்து கிழங்கோடு தோண்டிப் போட்டுவிடுகிறது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி போடலாம் என்று அவனே ஆள் விட்டுக் கூப்பிட்டான். கூப்பிட்டது அவன். இதையும் ரூத்திடம் ஞாபகப்படுத்துங்கள்.

போனேன். காலை வெயில் ஏறியிருந்தது. ரூத் கடுங்காப்பி கொடுத்தாள், கருப்பட்டி போட்டு. சிரித்த முகம் அப்போதெல்லாம். அவன் உள்ளே போய், கம்பளியில் சுற்றியதைக் கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் பார்த்த சாமான்களிலேயே அழகு அது. மேலே முயல் காது மாதிரி இரண்டு சுத்தியல். குதிரை என்போம் நாங்கள். இந்தக் காலத்துத் துப்பாக்கியில் அது உள்ளே ஒளிந்திருக்கும், பழசில்தான் வெளியே நிற்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தேன். பாதியில் ஒரு சத்தம், முழுசில் ஒரு சத்தம். தண்ணீர் சொட்டுகிற மாதிரி சுத்தமான சத்தம். பக்கத் தகட்டில் ஒரு நாயும் ஒரு காடையும் செதுக்கியிருந்தது, நாயின் வால் மயிர்கூடத் தேயவில்லை. கட்டை அசல் அக்ரூட் மரம். கம்பெனி பெயர்தான் தேய்ந்துவிட்டது, அமெரிக்கா என்பது மட்டும் நின்றது.

முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தேன். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி அடித்த குழல். பாம்புத்தோல் மாதிரி வரி ஓடும். கரிமருந்து காலத்துக்கு அடித்தது. விரலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். சத்தம் மணி மாதிரி நிற்க வேண்டும். நின்றது, ஆனால் ஓரத்தில் ஒரு கரகரப்பு. சரி என்று வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். வலது குழல் கண்ணாடி. இடது குழலில், தோட்டா உட்காருகிற இடம் தாண்டியதும், ஒரு கறுப்பு வளையம். வெளியே அதே இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். தட்டுப்பட்டது. ஒரு நெல் கனம் மேடு. இரும்பு வீங்கியிருந்தது. எப்போதோ ஒருமுறை தாங்காமல் உப்பி, இன்னொருமுறைக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. பசுவின் மடியில் கட்டி கண்டுபிடித்த விரல் இது உபதேசியாரே, தப்பாது. எனக்கு முதுகில் வியர்த்தது.

முகத்தில் காட்டவில்லை. சாமான் பார்க்கும்போது முகத்தில் காட்டினால் நான் பொம்முராசு இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். குழல் வீங்கினால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கொடைக்கானல் ரிசார்ட்காரர் ஒருவர் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இதே மாதிரி ஒன்று கேட்டிருந்தார். கடைக்காரர் சட்டப்படி குழலை அடைத்துக் கொடுத்துவிடுவார். சுடாத துப்பாக்கிக்குச் சுடுகிற துப்பாக்கியைவிட நல்ல விலை. அதை இஸ்ரவேலிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

பேச ஆரம்பித்தேன்.

"கட்டை மாத்தியிருக்கே தம்பி. இது நம்மூரு பலால்ல?"

"எங்கப்பா காலத்துல இருந்து அதே கட்டைதாண்ணே."

"உங்கப்பாரு மாத்துனப்ப நீ தொட்டில்ல கெடந்திருப்ப."

ரூத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். பேரம் நல்லபடி போகிறது என்று எனக்கும் தெம்பு வந்தது.

"குதிரை ரெண்டும் ஜோடி இல்லப்பா."

"ஒண்ணுபோலத்தானண்ணே இருக்கு?"

"ஒண்ணுபோல இருந்தா ஜோடியா? காக்கிச் சட்டையில எல்லாக் கண்டக்டரும் ஒண்ணுபோலத்தான் இருக்கான். அப்புறம் இது அமெரிக்கா சரக்கு. இங்கிலீசு சரக்குன்னா மதுரையில வாசல்ல வந்து நிப்பான். அமெரிக்கான்னா எவன் சீந்துறான்?"

லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். "நம்பர்ல ஒரு எழுத்து இடிக்குதே? போலீசு கண்ணுல பட்டா உனக்குத் தொந்தரவாச்சே" என்றேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது. ரூத் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த மூச்சில் சொன்னேன், கவனியுங்கள், அடுத்த மூச்சிலேயே சொன்னேன்:

"இடது குழலு வீங்கியிருக்கு. தோட்டா போட்டியன்னா வெடிச்சிரும். போடாத."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? தமிழில்தானே சொன்னேன்?

"எங்கப்பா இதுலதாண்ணே ஆயுசு பூராச் சுட்டாரு" என்றான்.

"என்ன மருந்துல சுட்டாரு? கரிமருந்துல. நீ வச்சிருக்கது புதுத் தோட்டா. அந்த வேகம் இது தாங்காது."

குழலை வாங்கித் தடவிப் பார்த்தான். அவனுக்குத் தட்டுப்படவில்லை. வாழைக்கன்று நடுகிற கைக்கு எங்கே தட்டுப்படும்? பிறகு நிமிர்ந்து கேட்டான்.

"வெடிக்கும்னா நீங்க எதுக்குண்ணே வாங்குறீங்க?"

"இரும்புக்கு" என்றேன்.

சிரித்தான் பாருங்கள், வாசலில் மேய்ந்த கோழி பறந்தது. "ரூத்து, கேட்டியா? இரும்பு எடைக்கு வாங்க அண்ணன் வத்தலக்குண்டுல இருந்து பஸ் ஏறி வந்திருக்காரு! கூடவே பேரீச்சம்பழம் கொண்டாந்தீங்களாண்ணே, குடுத்துட்டு எடுத்துட்டுப் போக?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் துண்டை விரித்தேன். கையைக் கொடுத்தான். விரலை அமுக்கினேன். குறைத்துத்தான் அமுக்கினேன், முதல் பிடியில் எவனாவது கூட்டி அமுக்குவானா? நெருப்பைத் தொட்ட மாதிரி கையை உருவிக்கொண்டான்.

"எங்கப்பா தொட்ட சாமாண்ணே இது. வேணாம்னா வேணாம்னு போங்க. கட்டை பலா, குதிரை ஜோடியில்ல, நம்பரு தப்பு, குழலு வீங்கிருச்சு. இன்னும் ஒண்ணுதான் சொல்லல, இது துப்பாக்கியே இல்லன்னு."

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டேன். "அப்ப இதைப் பூசை பண்ணு. பன்னி வரும்போது எடுத்துக் காட்டு, அதுவும் கும்பிட்டுட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரூத் பின்னாலேயே வந்தாள். "அண்ணே, அவர் கோபத்துல பேசுறாரு, இருங்க" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் விலை ஏறும்.

அவர்கள் வீட்டுக்கு மேலே தார் ரோடு. ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்து டீ சொன்னேன். கூப்பிடுவான் என்று தெரியும். கூப்பிடாமல் எங்கே போவான், வேலிக்கு ஆள் சொல்லியாயிற்றே. டீ பாதி குடித்திருப்பேன். கீழே தோட்டத்தில் ஒரு வெடி.

நல்ல சத்தம். எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பறவையெல்லாம் எழுந்துவிட்டது. அப்புறம் வாழைக்குள்ளிருந்து அவன் குரல், சந்தோஷமாக:

"பொம்முராசண்ணே! கேட்டுச்சா? இரும்பு பேசிருச்சுண்ணே!"

டீக்கடையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வலது குழல் அது, எனக்குத் தெரியாதா? விசை இரண்டு இருக்கும், முன்விசை வலது, எவனும் முதலில் அதைத்தான் இழுப்பான். இனி இவனிடம் விலை குறையாது என்று மட்டும் மனதில் ஓடியது. ரோட்டு ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினேன்:

"ஒரு குழலு பேசுனா ரெட்டைக்குழலு ஆயிருமாடா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பேரத்தில் பதிலுக்குப் பதில் வரத்தான் செய்யும். டீக்கடைக்காரர்கள் அதற்கும்தான் சிரித்தார்கள், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர்களை யாராவது கேட்கிறார்களா?

இரண்டாவது சத்தம் எதிரொலிக்கவில்லை. தகரத்தைக் கிழித்த மாதிரி சப்பென்று அடங்கியது. டம்ளர் எப்படிக் கீழே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். செருப்பு எங்கேயோ போய்விட்டது.

வாழைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான், வேலை நடுவே ஓய்வெடுக்கிறவன் மாதிரி. இடது கையை நான் சொல்லவில்லை, நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். கழுத்தில்தான் ஒரு துண்டு இரும்பு போயிருந்தது. என் தோள் துண்டை எடுத்து அமுக்கிப் பிடித்தேன். அமுக்க அமுக்க நனைந்தது. ரூத் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பேசாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் என்னைத்தான் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி பார்த்தான்.

"நெசமாத்தான் சொன்னீங்களாண்ணே?" என்றான்.

பார்த்தீர்களா? சாகப்போகிறவனே சொல்கிறான், சொன்னீங்க என்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜீப்பில் போட்டு இறக்கினோம். மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. துண்டு என் கையிலேயே இருந்தது, வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகு ரூத் எழுந்து நேரே என்னிடம் வந்தாள். திட்டுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நின்றேன். மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, வெடிக்கும்னீங்க, வெடிச்சிருச்சு. அப்ப லைசென்ஸ்ல நம்பரு தப்புன்னீங்களே, அதுவும் நெசந்தானா? போலீசு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

புருஷனைப் புதைத்த ஈரம் காயவில்லை, எந்த நேரத்தில் எதைக் கேட்கிறாள் பாருங்கள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அதெல்லாம் பேச்சுக்குச் சொன்னதும்மா. நம்பரு சரியாத்தான் இருக்கு, கட்டையும் அசலு, குதிரையும் ஜோடிதான். குழலு மட்டுந்தான் நெசம்" என்றேன். தைரியமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்தப் பதிலில் என்ன குற்றம்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. குழல் வீங்கியதை மட்டும் அன்றைக்குத் தனியாக, வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? எப்படி வேறு மாதிரி? அழுதுகொண்டு சொல்லவா? காலில் விழுந்து சொல்லவா? எனக்கு இருப்பது ஒரு வாய், ஒரு குரல். மாட்டைப் பேசுவதும் அதில்தான், துப்பாக்கியைப் பேசுவதும் அதில்தான், என் மகளுக்கு மாப்பிள்ளை பேசியதும் அதில்தான். மாப்பிள்ளைக்கு நடை சரியில்லை என்று சொல்லித்தான் பேசி முடித்தேன், இன்றைக்கு மகாராஜாவாக இருக்கிறான். பேச வருகிறார் வேதத்தைத் தூக்கிக்கொண்டு! சந்தையில் ஒருநாள் நின்று பாருங்கள்.

சரி, சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ் ஏறியதிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். என் புத்தி அப்படி.

இன்னொரு காரியமும் இருக்கிறது. உடைந்த துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது. ரூத் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மதுரைக் கடைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் அவர்களே உடைத்துப் போட்டுவிடுவார்கள். எதற்கு வீணாக? கடை பெயரில் நான் எடுத்துக்கொள்கிறேன். நல்ல விலையாகவே கொடுக்கிறேன், கடைக்காரர் தருவதற்கு மேல் என் கையிலிருந்து போட்டுக் கொடுக்கிறேன், அவளுக்கு வேலியாவது ஆகட்டும். சத்தியமாக அதுதான் மனதில் இருப்பது. அரிசியைத் திருப்பியவள் இதைத் திருப்ப முடியாது, இது வியாபாரம்.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். நல்ல விலை என்று ஆரம்பித்தால் பயந்துபோய்க் கொடுக்க மாட்டாள். வரிசை இருக்கிறது. குழல் போய்விட்டது என்று ஆரம்பியுங்கள். கட்டை கருகிவிட்டது என்று சொல்லுங்கள், கருகவில்லை, சும்மா சொல்லுங்கள். ஒரு குதிரை வளைந்துவிட்டது. தகட்டில் நாயின் தலை நசுங்கிவிட்டது. மனிதனைக் கொன்ற சாமான், எவனும் கையால் தொட மாட்டான், எடைக்குப் போட்டால்கூட எடுக்க ஆளில்லை, ஏதோ பொம்முராசு என்பதால் கேட்கிறான். என்ன, முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? அவள் நன்மைக்குத்தானே?

விசில் அடிக்கிறான், உங்கள் நிறுத்தம் இதுதான். பார்த்து இறங்குங்கள், படி வழுக்கும். பையை நான் தருகிறேன், பிடியுங்கள். மறந்துவிடாதீர்கள் உபதேசியாரே. குழல், கட்டை, குதிரை, நாய்த்தலை, எடை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில், அன்றைக்குப் பொம்முராசு உண்மையைத்தான் சொன்னான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.